சேயும் கன்றும்

சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தின் வழியே ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் ஆறு ஒன்று உண்டு. மலைபடுகடாம் என்னும் சங்க நூல் அதனைச் சேயாறு என்று குறிக்கிறது. இன்று மக்கள் அதனைச் செய்யாறு என்பர். அதன் கரையிலுள்ள திருவத்திபுரம் என்னும் ஊருக்கும் ஆற்றின் பெயரே வழங்கி வருகிறது. குழந்தை முருகன் விளையாடி மகிழும்பொருட்டு உமையம்மை தோற்றுவித்த ஆறு ஆதலின் அது சேயாறு ஆயிற்று என்பது இப்பகுதியில் வழங்கும் கதை. சேய் என்னும் சொல்லுக்குச் செம்மை, தொலைவு என வேறு பொருளும் உண்டு. ஆதலால் ஊர்ப்பெயர் ஆராய்வோர் வேறு காரணமும் கூறக்கூடும். எனினும் மக்கள் விரும்பிச் சொல்வது இக்கதையையே. பிள்ளையின் விளையாட்டுக்கென ஓர் ஆற்றையே வரவழைத்த தாயின் கதை, அக்கரையில் வாழும் தாய்மாருக்கு இனிப்பதில் வியப்பில்லை. அவர்களுக்கோ பிள்ளைக்கென்று ஒரு நாழிகையை ஒதுக்குவதே அரிதாக இருக்கிறது.

ஆரணியும் செய்யாறும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றவை. முன்பு வடஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள் 1989 முதல் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் அடங்கும். இங்கே நெசவும் உழவும் அடுத்தடுத்த வீடுகளில் நடைபெறுகின்றன. சில இடங்களில் ஒரே வீட்டில் நடைபெறுகின்றன. அத்தகைய வீட்டின் கூடத்தில் குழித்தறி இருக்கும். பின்புறத்தில் மாட்டுக் கொட்டகையும், அதனை ஒட்டிக் கழுநீர்த்தொட்டியும், வைக்கோற்போரும் இருக்கும். நாலைந்து கோழிகளும், இரண்டொரு வெள்ளாடுகளும் இருந்தால் அவ்வீடு நிறைந்த வீடு. தறிக்கும் கொட்டகைக்கும் நடுவே, உத்தரத்திலிருந்து ஒரு தூளி தொங்குமானால், அவ்வீட்டில் நேரம் என்பது பொன்னினும் அரிய பொருள் ஆகிவிடும்.

நெசவாளர் வீட்டில் மாடு எதற்கு என்று கேட்கலாம். நெசவுக்குக் கூலி நாட்கணக்கில் கிடைப்பதன்று, சேலைக்கணக்கில் கிடைப்பது. பட்டுச் சேலை ஒன்றை நெய்து முடிக்கப் பல நாட்கள் ஆகும். அது முடிந்து கைக்கு வரும் வரை அடுப்பு எரிய வேண்டும் அன்றோ? பாலுக்கு உரிய பணமோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்து சிறிது சிறிதாக, இடைவிடாமல் வரும். மேலும் இது நிலக்கடலை மிகுதியாக விளையும் நாடு. காய் பறித்தபின் எஞ்சும் கடலைக்கொடியும், எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கும் மாட்டுக்கு நல்ல தீனி. ஆகவே கொட்டகையும் தறியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையின்றிக் கறவைப் பசுக்களையும் ஆடுகளையும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பல வீடுகளுக்குப் புதிய வருவாய் அதனால் வந்தது. அவ்வருவாயோடு புதிய வேலையும் வந்தது என்பதைக் கணக்கிட்டவர் சிலரே.

பசுவின் கருக்காலமும் மனிதத் தாயின் கருக்காலமும் ஏறத்தாழ ஒரே அளவின. இரண்டும் 280 நாட்களை ஒட்டியவை. ஆகையால் ஒரே பருவத்தில் வீட்டுக்குள் ஒரு சேயும் கொட்டகையில் ஒரு கன்றும் பிறப்பது அரிதன்று. ஆனால் அதன்பின் இரண்டும் செல்லும் வழி வேறு. கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடி எழுந்து நிற்கிறது. தாயின் மடியைத் தானே தேடிச் செல்கிறது. குழந்தை எழுந்து நடப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. கன்று இரண்டு மூன்று வாரங்களில் புல்லையும் வைக்கோலையும் கடிக்கத் தொடங்குகிறது. குழந்தை தன் கையால் சிந்தாமல் உண்ண ஆண்டுகள் செல்லும். பிற உயிர்கள் கருவிலேயே முடித்துக்கொண்டு வரும் வளர்ச்சியின் பெரும்பகுதியை மனிதக் குழந்தை மண்ணுக்கு வந்தபின் முடிக்கிறது. தாய்க்கு நேரம் போதாமைக்கு முதற்காரணம் அவளுடைய திறமைக் குறைவன்று. மனிதப் பிறவியின் இயல்பே அது.

பிறந்த உடனே தொடங்குகிறது கடிகாரத்தின் ஆட்சி. கன்று கருவில் இருக்கும்போது, நோயைத் தடுக்கும் பொருள்கள் தாயின் குருதியிலிருந்து அதற்குச் செல்வதில்லை. அவை சீம்பாலின் வழியாகவே வரவேண்டும். அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரத்தில் மிகுதியாக இருந்து, ஒரு நாளுக்குள் இல்லாமற் போய்விடும். ஆதலால் சீம்பாலை முதலில் கன்றுக்கு ஊட்டிவிட்டு, எஞ்சியதையே வீட்டார் காய்ச்சி உண்பர். குழந்தைக்கும் தாயின் முதற்பால் அத்துணை இன்றியமையாதது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஆயினும், கன்றுக்குச் சீம்பாலைத் தவறாது ஊட்டிய வீடுகளிற் சில, குழந்தைக்கு அதனைப் பிழிந்து ஊற்றிவிட்டுச் சேனை என்ற பெயரால் சர்க்கரைத் தண்ணீரை நாவில் வைத்தன. மாட்டின் தேவையை அறிந்தவர் மகவின் தேவையை அறியாமற் போன புதுமையை என்னென்பது! அவ்வழக்கம் இன்று பெரிதும் குறைந்துவிட்டது.

இனி, பால் கறக்கும் நேரத்தைப் பார்ப்போம். பசுவின் மடி, குழாயைத் திருகினால் நீர் வரும் தொட்டியைப் போன்றதன்று. பால் மடியில் ஊறியிருந்தாலும், பசு அதனை இறக்கி விட்டால்தான் காம்புக்கு வரும். கன்று முட்டும்போதும், மடியை நீரால் கழுவித் தடவும்போதும் அச்செய்தி நரம்புகளின் வழியே மூளைக்குச் செல்கிறது. மூளையின் அடியிலுள்ள சுரப்பி ஆக்சிடோசின் என்னும் இயக்குநீரைக் குருதியில் விடுகிறது. ஒரு நிமிடம் அளவில் அது மடியை அடைந்து, பால் ஊறும் நுண்ணறைகளைச் சூழ்ந்த தசைகளை இறுக்குகிறது, பால் இறங்குகிறது. இதனையே மக்கள் சுரப்பு விடுதல் என்பர். இந்நிலை நீடிப்பது சில நிமிடங்களே. அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். இடையே நாய் குரைத்தாலோ, புதியவர் வந்து நின்றாலோ, பசு மிரண்டு அட்ரீனலின் என்னும் மற்றோர் இயக்குநீர் சுரக்கும். அது முன்னதன் வேலையைத் தடுத்துவிடும். "மாடு பாலை எக்கிக்கொண்டது" என்று கறப்பவர் எழுந்து வருவது அப்போதுதான்.

ஆக்சிடோசின் பசுவுக்கு மட்டும் உரியதன்று. தாயின் மார்பில் பாலை இறங்கச் செய்வதும் அதுவே. அச்சமும் பரபரப்பும் கவலையும் அங்கும் அதனைத் தடை செய்யும். கொட்டகையில் அமர்ந்து இரண்டு கைகளாலும் பால் பீய்ச்சிக்கொண்டிருக்கும் தாயின் காதில், தூளியில் உறங்கிய குழந்தை விழித்து அழும் ஒலி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் எழுந்தால் பசுவின் சுரப்பு நின்றுவிடும். எழாவிட்டால் குழந்தை வீறிடும். அவ்வழுகுரலைக் கேட்டுப் பசுவும் காதை விடைக்கும். இவ்வாறு இரண்டு பால்களும் ஒரே நேரத்தில் ஒருத்தியை அழைக்கும் வேளை, நாள்தோறும் விடியலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் வருவது. சங்கத்தில் பால் அளக்கும் நேரமோ யாருக்காகவும் நீளாது.

பட்டறிவு மிக்க பெண்டிர் இவ்விடரை ஒழுங்கு முறையால் தீர்த்துக்கொள்கின்றனர். குழந்தைக்கு முதலிற் பால் கொடுத்து, அது நிறைவுற்ற பின்னரே செம்பை எடுக்கின்றனர். இதனால் கறவை கால் மணி நேரம் முன்னும் பின்னும் ஆகலாம் என்று எண்ணி நாள்தோறும் நேரத்தை மாற்றுவதில்லை. தாமே அந்தக் கால் மணிக்கு முன்னதாக எழுகின்றனர். ஏனெனில் பசு பழக்கத்துக்கு அடிமை. குறித்த நேரம், குறித்த இடம், குறித்த கை என்று பழகிவிட்டால், செம்பின் ஓசை கேட்டவுடனே சுரப்பு விடும் பசுக்கள் உண்டு. நேரம் தவறத் தவறப் பாலும் குறையும். குழந்தையும் ஏறக்குறைய இவ்வாறே. உண்பதும் உறங்குவதும் நாள்தோறும் ஒரே வரிசையில் நிகழுமானால், அடுத்து வருவது இன்னது என்று அது விரைவில் அறிந்துகொள்கிறது. அறிந்தபின் அழுகை குறைகிறது.

கொட்டகையில் கடிகாரத்தைவிடக் கடுமையான கணக்கு ஒன்று உண்டு. பசு 21 நாட்களுக்கு ஒரு முறை சினைப்பருவத்துக்கு வரும். அப்பருவம் ஒரு நாள் முழுதும்கூட நீடிப்பதில்லை. ஓயாமல் கத்துவது, தீனியை வெறுப்பது, கண்ணாடி போன்ற வழுவழுப்பான நீர் வடிவது ஆகியவை அதன் அடையாளங்கள். காலையில் இவற்றைக் கண்டால் மாலைக்குள் சினை ஊசி போட ஏற்பாடு செய்ய வேண்டும். மாலையில் கண்டால் மறுநாட் காலைக்குள் செய்ய வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டார் அன்று கொட்டகைப் பக்கம் பாராதிருந்தால், இன்னும் 21 நாள் காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. அடுத்த ஈற்றும் அத்துணை நாள் தள்ளிப்போகும். மாட்டுக்கென ஒதுக்க வேண்டியது தீனி வைக்கும் நேரம் மட்டும் அன்று. சும்மா நின்று உற்றுப் பார்க்கும் நேரமும் ஆகும். குழந்தைக்கும் அப்படியே.

புதிதாய்ப் பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். முதல் 6 மாதம் தாய்ப்பாலன்றி வேறொன்றும், தண்ணீரும்கூட, வேண்டுவதில்லை. அதன்பின் பிற உணவோடு தாய்ப்பாலையும் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். 4 முதல் 11 மாதக் குழந்தை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரமும், அடுத்த ஓராண்டில் 11 முதல் 14 மணி நேரமும் உறங்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. பகலுறக்கமும் இக்கணக்கில் அடங்கும். இவ்வளவு நேரம் குழந்தை உறங்குமானால் தாய்க்குப் பொழுது மிகும் என்று கணக்குப் போடுவது எளிது. ஆயின் அவ்வுறக்கம் துண்டு துண்டானது. அரை மணி, ஒரு மணி என்று சிதறிக் கிடப்பது. சிதறிய நேரத்தில் எந்த வேலையைச் செய்ய முடியுமோ அதனையே செய்ய முடியும்.

தறிவேலை அவ்வகையில் ஒரு வரம் எனலாம். நெய்பவர் நாடாவை நிறுத்தி, மிதியிலிருந்து காலை எடுத்து, குழியை விட்டு எழுந்து போகலாம். திரும்பி வரும்போது, நின்ற ஊடையிலேயே தறி காத்துக்கொண்டிருக்கும். பட்டு புளிக்காது, சரிகை வாடாது. ராட்டையில் தார் சுற்றுவது இன்னும் எளிது. ஒரு கால் தூளிக்கயிற்றை ஆட்ட, கைகள் தார் சுற்றலாம். குழந்தையும் பசுவும் காத்திராதவை, தறி காத்திருப்பது. காத்திராதவற்றை முதலில் நிறுத்தி, காத்திருப்பதை அவற்றின் இடைவெளிகளில் நிரப்புவதே இவ்வீடுகளின் நாள்முறை. எதிர்மாறாகச் செய்யும் வீடுகளில், அதாவது தறிக்கு எட்டு மணி நேரத்தை முன்னதாக ஒதுக்கி, மிச்ச நேரத்தில் மற்றவற்றைப் பார்க்கலாம் என்று எண்ணும் வீடுகளில், மிச்சம் என்பதே வருவதில்லை.

தறியும் காத்திராத நாள் ஒன்று உண்டு. பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் நாள் அது. தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, வெயில் ஏறுமுன் கஞ்சி தடவி, இழைகளைப் பிரித்து உலர்த்த வேண்டும். அதற்குப் பல கைகள் ஒருங்கே வேண்டும். அன்று விடியலில் பசுவும் கத்தும், குழந்தையும் விழிக்கும். அக்கம்பக்கத்தார் ஒருவர்க்கொருவர் கைமாற்றாக உதவுவது அன்றைக்குத்தான் நன்கு விளங்கும். இவர் வீட்டுப் பாவுக்கு அவர் வருவார். அவர் வீட்டுக் குழந்தை இவர் வீட்டுத் திண்ணையில் கஞ்சி குடிக்கும்.

எவ்வளவு திறமையாக ஒழுங்கு செய்தாலும், நேரம் எங்கிருந்தோ முளைப்பதில்லை. யாரோ ஒருவர் தம்முடைய நேரத்தைத் தரவேண்டும். பாட்டி இருக்கும் வீட்டில் அவள் தருகிறாள். பாட்டி இல்லாத வீட்டில் நெடுங்காலம் அதனைத் தந்தவள் குழந்தையின் அக்காள். எட்டு வயதுச் சிறுமி இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு, கையில் ஆட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சியை, அழகிய ஓவியம் என்று பலர் தீட்டியிருக்கின்றனர். அந்த ஓவியத்தில் காணப்படாதது, அவள் போகாத பள்ளிக்கூடம். நெசவூர்களில் சிறுவர் பலர் தறியில் துணைக்கை பிடிக்க நிறுத்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு அவர்களுடைய இளமை ஈடாயிற்று. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ஆம் ஆண்டிலும், கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. 2016ஆம் ஆண்டின் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை எல்லாத் தொழில்களிலும் தடை செய்தது. எனினும் பள்ளி முடிந்தபின் குடும்பத் தொழிலில் உதவுவதை அத்திருத்தம் விலக்கவில்லை. ஆகவே மாலைப்பொழுதில் அக்காளின் புத்தகம் திறக்கிறதா, தம்பியின் தூளி ஆடுகிறதா என்பதை இன்றும் அவ்வவ் வீடே முடிவு செய்கிறது.

தந்தையின் நேரம் என்ன ஆயிற்று? உழவர் வயலுக்குப் போவார்; வணிகர் கடைக்குப் போவார்; நெசவாளரோ நாள் முழுதும் வீட்டிலேயே, குழந்தைக்கு எட்டடி தொலைவில் இருப்பவர். இத்தகைய வாய்ப்பு வேறு தொழில்களில் எளிதிற் கிட்டாது. ஆயினும் குழந்தை அழுதால் தறிக்குழியிலிருந்து எழுவதைவிட, கொட்டகையை நோக்கிக் குரல் கொடுப்பதே பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் நடுவண் அரசு, மக்கள் தம் பொழுதை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நாடு முழுதும் கணக்கெடுத்தது. கூலியின்றிச் செய்யும் வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர் என்பது அதில் தெரியவந்தது. அவ்வேலைகளில் ஈடுபட்ட ஆண்களின் தொகையே சிறிது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

குழந்தையையும் கொட்டகைக்கு அழைத்துச் சென்றால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்று சிலர் கருதுவர். இதில் உண்மை உண்டு. "இது கன்று, இது தும்பு, இது வைக்கோல்" என்று கை வேலையோடு வாய்மொழியும் செல்லுமானால், குழந்தை பெறும் பயன் பெரிது. குழந்தையின் மூளை மிக விரைந்து வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில். அவ்வளர்ச்சிக்கு உணவோடு பேச்சும் வேண்டும். குழந்தை ஓர் ஒலியை எழுப்ப, பெரியவர் அதற்கு மறுமொழி கூற, மீண்டும் குழந்தை ஒலிக்க, இவ்வாறு பந்தெறிவது போல் நடக்கும் உரையாடலே மொழிக்கு வித்து. இதற்குத் தனி நேரமும் வேண்டா. தனிச் செலவும் வேண்டா. கோழிக்கு இரை தூவும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். ஆடு அசைபோடுவதைக் காட்டி அது ஏன் வாயை அசைக்கிறது என்று கேட்கலாம்.

ஆனால் உடன் இருத்தல் வேறு. காவல் இருத்தல் வேறு. இரண்டு கையும் மடியில் இருக்கும்போது கண் குழந்தையின்மேல் இருத்தல் இயலாது. புதிதாகக் கன்று ஈன்ற பசு, சாதுவாக இருந்ததாயினும், கன்றின் அருகே தவழ்ந்து வரும் குழந்தையை முட்டக்கூடும். சாணம் பட்ட கையை வாயில் வைத்தால் வயிற்றுப்போக்கு வரும். ஆதலால் கொட்டகையை விட்டு வந்ததும் பெரியவர் கையையும் சிறியவர் கையையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கறந்த சூட்டில் பச்சைப்பாலைக் குழந்தைக்குப் புகட்டுவது நலம் என்னும் எண்ணம் தவறு. மாட்டிலிருந்து காசநோயும், புருசெல்லா என்னும் நுண்கிருமியால் விளையும் விடாக்காய்ச்சலும் அதன் வழியே பரவக்கூடும். பாலைப் பொங்கக் காய்ச்சியே கொடுக்க வேண்டும். அதுவும் ஓராண்டு நிறைந்தபின் கொடுப்பதே முறை.

எல்லாவற்றினும் பெரிய இடர், யாரும் இடராக எண்ணாத கழுநீர்த்தொட்டி. தவழும் குழந்தையும் தளர்நடைக் குழந்தையும் ஒரு சாண் ஆழ நீரிலும் மூழ்கி இறக்கக்கூடும். தலை கனமாக இருப்பதால் கவிழ்ந்தால் நிமிர முடியாது, கத்தவும் முடியாது. வங்காளதேசத்து ஆராய்ச்சியாளர்கள் இதனைப் பற்றி விரிவாக ஆராய்ந்தனர். அங்குள்ள சிற்றூர்களில் சிறு குழந்தைகள் நீரில் மூழ்குவது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையே என்று கண்டனர். அவ்வேளையில் தாய்மார் வேலையில் மூழ்கியிருந்தனர்; எவரும் வேண்டுமென்று கவனக்குறைவாக இருந்ததில்லை. ஆகவே அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் குழந்தைகளை ஓர் இடத்தில் ஒருங்கு சேர்த்துக் காக்க ஏற்பாடு செய்தனர். அவ்விடங்களுக்கு ஆஞ்சல் என்று பெயரிட்டனர். வங்க மொழியில் அச்சொல்லுக்குச் சேலையின் முந்தானை என்பது பொருள். முந்தானை நெய்யும் ஊரார்க்கு இப்பெயரின் அழகை விளக்க வேண்டுவதில்லை. அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டில் இதனை ஒத்தது அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், சிற்றூர்களில் 2 வயது நிறைந்த குழந்தைகளுக்கும் பகலுணவு அளித்தது. இத்திட்டங்களைப் பேசுவோர் உணவையும் எடையையும் பாடலையும் பேசுவர், அவை பேசத்தக்கவையே. ஆனால் நெசவூர்த் தாய் ஒருத்தி அங்கிருந்து பெறும் மற்றொரு பொருள், பகலில் சில மணி நேரம். குழந்தை பிறரது கண்பார்வையில் இருக்கிறது என்ற அமைதியோடு அவள் தறியில் அமர்கிறாள். அக்காள் பள்ளியில் அமர்கிறாள். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் இதனை உணர்ந்தது. வேலையிடத்துக்கு 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வருவாராயின், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவளுக்கும் மற்றவர்க்குரிய கூலியையே தரவேண்டும் என்று அது விதித்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் மண் வெட்டுவதைப் போன்ற வேலையே என்பதை ஏட்டில் எழுதிய விதி அது.

அங்கன்வாடி தீர்க்க இயலாத பகுதியும் உண்டு. இரண்டு வயது நிறையாத குழந்தை வீட்டிலேதான் இருக்கும். மாலையில் நிலை இன்னும் நெருக்கமானது. குழந்தை களைத்து வீட்டுக்கு வரும் பொழுதும், பசுவை இரண்டாம் முறை கறக்கும் பொழுதும், மேய்ச்சலிலிருந்து ஆடுகள் திரும்பும் பொழுதும் ஒன்றையொன்று நெருங்கியே வருகின்றன. கோழியைக் கூட்டில் அடைக்காவிட்டால் கீரிக்கு விருந்தாகும். இந்த ஒரு மணி நேரத்தில் தந்தை தறியை விட்டு எழுந்தால், வீடு முழுதும் இலகுவாகிறது. அவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோழிகளை எண்ணி அடைத்துவிட்டால், தாய் அமைதியாகக் கறக்கலாம். அக்காள் பாடம் படிக்கலாம்.

முற்காலத்தில் இருள் தானே வந்து தறியை நிறுத்தியது. மயிரிழை போன்ற பட்டையும் சரிகையையும் எண்ணெய் விளக்கின் ஒளியில் நெடுநேரம் நெய்தல் அரிது. ஆகவே அந்திக்குப் பின்னர் உள்ள பொழுது, யாரும் ஒதுக்காமலே குழந்தைக்கு உரியதாயிற்று. மின்விளக்கு வந்தபின் தறிக்கு இருட்டு இல்லை. சேலைக்கணக்கில் கூலி பெறும் வீட்டில், விளக்கு எரியும் வரை நாடா ஓடும். இன்று அந்திக்குப் பின் தறியை நிறுத்தும் நெசவாளர், கதிரவன் மறைந்ததற்காக நிறுத்துவதில்லை. கொட்டகையில் கன்றைக் கட்டிவிட்டு, மாட்டுக்குக் கடலைக்கொடியை உதறிப் போட்டுவிட்டு, குழியின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்குச் சோறு பிசைவதற்காக விளக்கை அணைக்கிறார்.